பஜேரோ எஸ்எஃப்எக்ஸ்: முன்பக்க டார்ஷன் பாரும் வண்டியின் உயரமும்

மிட்சுபிஷி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வண்டியின் முன்பக்க உயரத்தை, அடியில் படுத்து இரண்டு நட்டுகளைத் திருகியே மாற்றிவிடலாம் என்பது அந்த வண்டியின் அருமையான வசதிகளுள் ஒன்று. அதே வசதிதான் இன்று நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பஜேரோக்கள் பலவற்றின் முன்பக்கத்தைப் பாழாக்கியும் வைத்திருக்கிறது. இதன் என்ஜினைப் பற்றியும் இருக்கைகளைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் போதிய அளவுக்குப் பேசியாகிவிட்டது. பல ஆண்டுகளாக இந்த வண்டியை வைத்திருப்பவன் என்ற முறையில், அதன் உயரம் எதனால் நிற்கிறது, வயதாகும்போது ஏன் இறங்குகிறது, அதை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்ற ஒன்றை மட்டும் இங்கே மதிப்பிட விரும்புகிறேன். ஏனெனில் இந்த வண்டியின் ஓட்டம் நன்றாக இருப்பதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நட்டுகளின் கையில்தான் இருக்கிறது.

எஸ்எஃப்எக்ஸ் என்பது 1991இல் ஜப்பானில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பஜேரோ. ஜப்பானில் 1999இல் மூன்றாம் தலைமுறை வந்துவிட்ட பிறகும், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2002 முதல் 2012 வரை இதைச் சென்னையை அடுத்த திருவள்ளூர் ஆலையில் தொகுத்து விற்றது. ஏணி வடிவச் சேஸிஸ், 2.8 லிட்டர் டர்போ டீசல் என்ஜின், ஓடும்போதே இரு சக்கர இயக்கத்திலிருந்து நாலு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக்கொள்ள உதவும் சூப்பர் செலக்ட் அமைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே இயங்கும். அங்கே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்வது டார்ஷன் பார்.

டார்ஷன் பார் என்பது சுருளாக வளைக்கப்படாத, நேரான எஃகுத் தண்டு. அதன் முன்முனை, சக்கரத்தை மேற்புறத்தில் பிடித்திருக்கும் கையான அப்பர் ஆர்மோடு பிணைந்திருக்கும். பின்முனை, ஏறத்தாழ முன்னிருக்கைகளின் அடியில் வரும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்தில், ஆங்கர் ஆர்ம் என்ற குட்டையான நெம்புகோலில் செருகப்பட்டிருக்கும். சக்கரம் ஒரு மேட்டின்மீது ஏறும்போது அப்பர் ஆர்ம் மேலே எழுந்து தண்டின் முன்முனையைத் திருப்புகிறது, பின்முனையோ அசையாமல் நிற்கிறது, ஆகவே ஈரத் துணியைப் பிழிவதுபோல் தண்டு முறுக்கிக்கொண்டு, சக்கரம் இறங்கும்போது தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்த எளிமையின்மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. காயில் ஸ்பிரிங் நிற்பதற்கு ஆர்ம்களுக்கு நடுவே உயரமான இடம் வேண்டும். டார்ஷன் பாரோ சேஸிஸின் ஓரமாகப் படுத்துக்கொள்வதால், என்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் முன்பக்க டிஃபரன்ஷியலுக்கும் சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளுக்கும் இடம் தாராளமாகக் கிடைத்துவிடுகிறது. நாலு சக்கர வண்டிகளில் இந்த அமைப்பு ஒரு காலத்தில் அவ்வளவு பரவலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்முனையில் உள்ள ஆங்கர் ஆர்மை ஒரு நீண்ட போல்ட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன் நட்டை இறுக்கினால் ஆங்கர் ஆர்ம் சற்றே திரும்பும். தண்டு முழுவதும் அதோடு சேர்ந்து திரும்பும். அப்பர் ஆர்ம் கீழ்நோக்கிச் சாயும். அதன் விளைவாக வண்டியின் மூக்கு உயரும். தளர்த்தினால் மூக்கு இறங்கும். ஆங்கர் ஆர்ம் குட்டையாகவும் அப்பர் ஆர்ம் நீளமாகவும் இருப்பதால், நட்டின் மிகச் சிறிய நகர்வும் சக்கரத்தருகே பெருகித் தெரியும். வலப்பக்கமும் இடப்பக்கமும் தனித்தனியே திருத்தக்கூடியவை. ஓட்டுநர் மட்டுமே ஏறி ஓடிய வண்டிகளில் வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பதை இதனாலேயே சரிசெய்துவிடலாம். காயில் ஸ்பிரிங் வண்டியில் இதே திருத்தத்துக்கு ஸ்பிரிங்கைக் கழற்றி மாற்றவோ அதன் தலையில் வளையம் வைக்கவோ வேண்டியிருக்கும்.

இங்கேதான் மிகப் பரவலான ஒரு தவறான எண்ணம் குறுக்கிடுகிறது. நட்டை இறுக்கினால் தண்டு அதிகமாக முறுக்கப்படுகிறது, ஆகவே ஸ்பிரிங் கடினமாகிறது, கூடுதல் பாரத்தையும் தாங்கும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். வண்டி வைத்திருப்பவர்களும் அதை அப்படியே நம்புகிறார்கள். உண்மை அதுவன்று. வண்டி தரையில் நிற்கும்போது தண்டு எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன்மீது இருக்கும் எடை. நட்டை இறுக்கியதால் வண்டியின் எடை கூடிவிடவில்லை; ஆகவே தண்டின் முறுக்கும் ஏறத்தாழ அதே அளவில்தான் நிற்கும். மாறியது முறுக்கின் அளவு அன்று, அந்த முறுக்கு தொடங்கும் இடம். தண்டின் கடினம் அதன் விட்டத்தையும் நீளத்தையும் எஃகின் தன்மையையும் பொறுத்தது. அவற்றில் எதையும் நட்டினால் மாற்ற முடியாது.

அப்படியானால் முன்பக்கத்தைத் தூக்கிய பஜேரோ ஏன் கட்டைவண்டிபோல் கடினமாகக் குதிக்கிறது என்ற கேள்வி நியாயமானது. சக்கரம் மேலும் கீழும் செல்லக்கூடிய மொத்தத் தூரம் ஆர்ம்களின் நிறுத்தங்களால் வரையறுக்கப்பட்டது; அது கூடுவதில்லை. தயாரிப்பாளர் வைத்த உயரத்தில் வண்டி நிற்கும்போது, அந்தத் தூரத்தில் ஒரு பங்கு மேலே ஏறுவதற்கும் மற்றொரு பங்கு கீழே தொங்குவதற்கும் கிடைக்கிறது. மூக்கைத் தூக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கீழே தொங்கும் பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அளவுக்கு மீறித் தூக்கிய வண்டியில் ஆர்ம் தன் கீழ் எல்லைக்கு மிக அருகிலேயே நிற்பதால், சாலையில் ஒரு பள்ளம் வந்ததும் சக்கரம் அதற்குள் இறங்க முடியாமல் அப்பர் ஆர்ம் அந்த எல்லையில் உள்ள ரிபவுண்டு நிறுத்தத்தில் 'டொக்' என்று அடிக்கிறது. வேகத்தடையைத் தாண்டிய மறுகணம் முன்பக்கத்திலிருந்து வரும் அந்த ஓசையைக் கேட்டு, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்துப் புதிய ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டவர்களை நான் அறிவேன். புதிய ஷாக் அப்சார்பரும் அதே இடத்தில் அதே ஓசையைத்தான் எழுப்பும்.

வேறு இழப்புகளும் உள்ளன. முன்பக்க டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால், மூக்கு உயரும்போது அதுவும் உயர்கிறது. சக்கரங்கள் தரையிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள தண்டுகளின் சாய்வு கூடுகிறது. நாலு சக்கர இயக்கத்தை எப்போதாவதுதான் பயன்படுத்துகிறோம், ஆகவே அந்தத் தண்டுகளின் வளையும் மூட்டான சிவி ஜாயின்ட் தேயாது என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. சூப்பர் செலக்ட் வண்டியில் இரு சக்கர இயக்கத்திலும் சக்கரத்தோடு சேர்ந்து அந்தத் தண்டுகள் சுழன்றுகொண்டுதான் இருக்கும். கூடிய சாய்வில் ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறைகளான பூட்டுகள் மடிந்து உரசுகின்றன. பூட்டு கிழிந்த பிறகு கிரீஸ் வெளியேறுவதும் மணல் உள்ளே புகுவதும் ஜாயின்ட் 'கடகட' என்று தட்டத் தொடங்குவதும் அடுத்தடுத்து வருகின்றன. இந்த அமைப்பில் வண்டியின் பாரம் அப்பர் ஆர்ம் வழியாகச் செல்வதால், ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் மேல் பால் ஜாயின்ட்டும் அப்பர் ஆர்மின் ரப்பர் புஷ்களும் பாரத்தைச் சுமக்கும் பாகங்கள். அவற்றையும் அவற்றின் எல்லைக்கருகே வளைத்து வைப்பது நல்லதன்று. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் டை ராடுகளின் சாய்வும் மாறிவிடுவதால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டோ அளவு, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, சற்றே மாறி, நேர்சாலையில் வண்டி இங்குமங்கும் அலைபாயத் தொடங்குகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், சரியான உயரத்தில் நிற்கும் எஸ்எஃப்எக்ஸ் தன் எடைக்குப் பொருந்திய நிதானத்தோடு வளைகிறது. அதே வண்டியின் மூக்கை மட்டும் தூக்கிவைத்தால், வளைவின் நடுவே ஸ்டீயரிங்கை இரண்டாம் முறை திருத்த வேண்டியிருக்கிறது. சுமார் இரண்டு டன் எடையுள்ள, ஏற்கெனவே உயரமான ஒரு வண்டியில் இது சிறிய குறை அன்று.

ஆகவே இந்த நட்டைப் பற்றிய என் கருத்து தெளிவானது: அது இறங்கிப்போன உயரத்தை மீட்பதற்கும் இருபுறத்தையும் சமப்படுத்துவதற்கும் உரியது, வண்டியைத் தூக்குவதற்கு உரியதன்று. தயாரிப்பாளரின் உயரத்துக்கு மேல் ஏதேனும் கூட்டியே ஆக வேண்டும் என்பவருக்கு ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர், என்னைப் பொறுத்தவரை எல்லை. அதையும் தொங்கும் தூரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து பார்த்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும்.

அளப்பது எளிது, ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பவர்கள் டயரின் தேய்மானத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளந்துவிடுகிறார்கள். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் பிடித்தால் டயரின் குறுக்கீடு நீங்கிவிடும். தரை ரசமட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்; பெரும்பாலான வீட்டு வாசல்கள் தண்ணீர் வடிவதற்காகச் சாய்த்துக் கட்டப்பட்டவை என்பதால், அவற்றில் நிறுத்தி அளந்த எண்களை நம்ப முடியாது. நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். வண்டியில் வழக்கமாக இருக்கும் சாமான்கள் இருக்கலாம், ஆனால் ஆட்கள் இருக்கக் கூடாது. மட்கார்டு விபத்தில் அடிபட்டுத் தட்டி எடுக்கப்பட்டதாக இருந்தால் அந்த அளவும் ஏமாற்றும். மிட்சுபிஷியின் பணிமனைக் கையேட்டு முறை இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது: அது தகட்டை அளக்காமல், ஆர்மின் மேல் எல்லையில் மோதலைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது சென்று மோதும் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்கச் சொல்கிறது. வண்டி உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஆர்மின் இருப்பே சொல்லிவிடும் என்பதால், பட்டறையில் இந்த இடைவெளியை அளந்து எழுதித் தரும்படி கேட்பதே சிறந்தது.

தொங்கும் தூரத்தை வீட்டிலேயே கண்டறியலாம். வண்டி தரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை ஓர் அளவு எடுத்துக்கொண்டு, சேஸிஸின் அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரம் முற்றிலும் தொங்கும் வரை தூக்கி, மீண்டும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்தத் தூரம். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் வண்டி அளவுக்கு மீறித் தூக்கப்பட்டிருக்கிறது என்று நான் கொள்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக் கூடாது, ஸ்டாண்டு வைத்தாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

வேலையைத் தொடங்கும் வரிசையும் முக்கியம். முன்பக்க உயரம் சரியில்லை என்று வருபவர்கள் பலரின் வண்டியில் உண்மையான குறை பின்பக்கத்தில் இருக்கும். பின் காயில்கள் களைத்து இறங்கும்போது ஓட்டுநர் முன்பக்கத்தையும் இறக்கிக் கண்ணுக்குச் சமமாக்கிவிடுகிறார், கடைசியில் நான்கு மூலைகளும் தவறான இடத்தில் நிற்கின்றன. பின்பக்கத்தைச் சரிசெய்தால் முன்பக்க அளவும் சிறிது மாறும் என்பதால், முதலில் பின்பக்கத்தை முடித்துவிட்டே டார்ஷன் பார் நட்டைத் தொட வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேறும் மழையும் கண்ட நட்டு எளிதில் திரும்பாது. சில நாட்களுக்கு முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷால் துப்புரவாகத் தேய்த்து, கிரீஸ் தடவிய பிறகே பானாவை வைக்க வேண்டும். காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வரும் உதவியாளரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாரத்தோடு இருக்கும் மரையை அது நொடியில் வழித்துவிடும், அப்படி வழிந்த போல்ட்டுக்கு இன்று உதிரி தேடுவது எளிதன்று. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைத் தொங்கவிட்டால் தண்டின்மீதுள்ள இழுப்பு பெரிதும் குறையும். நட்டும் மரியாதையாகத் திரும்பும். நட்டுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் மரை வெளியே தெரிகிறது என்பதை இருபுறமும் முதலில் குறித்துக்கொண்டால், எது தவறினாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

ஒவ்வொரு முறையும் சிறிதளவே திருக வேண்டும். ஒரு மூலையைத் தூக்கினால் பாரம் இடம்பெயர்ந்து எதிர் மூலைகளின் உயரமும் மாறும் என்பதால், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போவது பயன் தராது. இருபுறமும் மாறி மாறித்தான் செல்ல வேண்டும். வண்டியைக் கீழே இறக்கியவுடன் அளப்பதும் பயனற்றது. சக்கரங்கள் தொங்கும்போது உள்நோக்கி வந்துவிடுவதால், இறக்கிய பிறகு டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியை உண்மையைவிட உயரமாகப் பிடித்து நிறுத்தும். பம்பரை அழுத்திக் குலுக்கி, சில நூறு மீட்டர் ஓட்டித் திரும்பி, அதே இடத்தில் நிறுத்திய பிறகு கிடைக்கும் எண்ணே நம்பத்தக்கது. இந்தப் பொறுமை இல்லாத பட்டறையில் வேலையை ஒப்படைப்பதைவிடத் தாழ்ந்த வண்டியையே ஓட்டலாம் என்பது என் உறுதியான எண்ணம். எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறினால் சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பரும் டோவும் மாறியே தீரும். அலைன்மென்ட் செய்த பிறகு உயரத்தைத் தொட்டால் கொடுத்த பணம் வீண்.

இப்போது பின்பக்கத்துக்கு வருகிறேன். களைத்த காயிலுக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் மருந்து, சுருள்களின் நடுவே செருகும் ரப்பர் பஃபர். விலை குறைவு, பொருத்தச் சில நிமிடங்களே ஆகும், வண்டியும் உடனே நிமிர்ந்து தெரியும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பஃபர் செருகிய சுருள் அசைய முடியாமல் போய்விடுவதால், மீதிச் சுருள்கள் அந்த உழைப்பையும் தாங்குகின்றன. ஸ்பிரிங் ஒரே இடத்தில் திடீரெனக் கடினமாகிறது. பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்து விரிசல் விடவும் அது வழிவகுக்கிறது. காயிலின் உள்ளே வைத்துக் காற்று நிரப்பும் பைகள் அவற்றைவிட மேலானவை, ஆனால் அவை கூடுதல் பாரம் ஏற்றும் நாளுக்கு உரியவை. இறங்கிப்போன ஸ்பிரிங்கை அன்றாடம் தாங்கிப் பிடிப்பதற்கு உரியவை அல்ல. புதிய காயில்களே சரியான தீர்வு. வண்டியில் வழக்கமாக ஏற்றும் பாரத்துக்கு ஏற்ப வெவ்வேறு கடினத்தில் காயில்களைத் தருகிற, ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு போன்ற நிறுவனங்கள் உண்டு. எப்போதும் ஓரிருவர் மட்டுமே செல்லும் வண்டிக்குக் கனமான வகையை வாங்கிவிட்டு, வண்டி உதறுகிறது என்று வருந்துவதில் பொருளில்லை. பின் ஆக்சிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும் ராடு ஒருபுறம் சேஸிஸிலும் மறுபுறம் ஆக்சிலிலும் பொருத்தப்பட்டிருப்பதால், பின்பக்கத்தை உயர்த்தும்போது ஆக்சில் சற்றே பக்கவாட்டில் நகரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சிறிய உயரத்துக்கு இது பொருட்டன்று. இரண்டு அங்குலம் போனால் கண்ணுக்கே தெரியும்.

முன்பக்கத்தில் இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் நிரந்தரமாகச் சுமக்கும் வண்டிக்குத்தான் கடினமான டார்ஷன் பார் தேவை. தண்டின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்வதால், விட்டம் 10 விழுக்காடு கூடினாலே கடினம் சுமார் 46 விழுக்காடு கூடிவிடுகிறது; பார்வைக்கு வேறுபாடே தெரியாத இரண்டு தண்டுகள் சாலையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ளும். பாரம் இல்லாத வண்டிக்குக் கடினமான தண்டு வீண் துன்பம். மாற்றும்போது இடத் தண்டையும் வலத் தண்டையும் இடம் மாற்றிவிடக் கூடாது: ஒவ்வொன்றும் தான் முறுக்கப்படவிருக்கும் திசைக்கேற்பப் பக்குவப்படுத்தப்பட்டது, முனையில் குறியீடும் உண்டு. தண்டின் மேற்பரப்பில் சங்கிலியோ உளியோ கீறிய கோடு பின்னாளில் முறிவு தொடங்கும் இடமாகிவிடும். சாலையோரத்தில் நிற்கும் வண்டிக்கு அடியில் சங்கிலியைக் கட்டி இழுக்கும் மீட்பு ஊழியரிடம், அதை டார்ஷன் பாரில் சுற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்க இரும்புக் காவல்களுக்குத் தடை விதித்ததையடுத்து, பலர் அவற்றைக் கழற்றிவிட்டார்கள்; ஆனால் அந்த எடையைத் தாங்குவதற்காக முன்பு இறுக்கிய நட்டுகளைத் திரும்பத் தளர்த்தியவர்கள் குறைவு. காவல் போன பிறகு மூக்கு மேலும் உயர்ந்து, தொங்கும் தூரம் இல்லாமல் ஓடும் பஜேரோக்களை இன்றும் காண்கிறேன்.

இதே டார்ஷன் பார் அமைப்பு பழைய டாடா சஃபாரியிலும் சுமோவிலும் ஷெவர்லே டவேராவிலும் இருந்தது, ஆகவே மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். 2012இல் எஸ்எஃப்எக்ஸின் இடத்துக்கு வந்த பஜேரோ ஸ்போர்ட்டின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அது மென்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் ஓடி ஒருபுறம் இறங்கிவிட்டால், எஸ்எஃப்எக்ஸ்காரர் ஒரு முற்பகலில் முடித்துக்கொள்ளும் திருத்தத்துக்கு அங்கே ஸ்பிரிங் அமுக்கியும் புதிய காயிலும் தேவைப்படும். பழைய வண்டியை நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவருக்கு டார்ஷன் பாரே உகந்தது என்பது என் தீர்ப்பு. எனக்குள்ள ஒரே மனக்குறை, போல்ட்டு சேற்றுக்கு நேராகத் திறந்து கிடப்பதும், அதன்மீது உரிய உயரத்தைக் காட்டும் குறியேதும் இல்லாததும். ஒரு ரப்பர் மூடியும் ஒரு கோடும் இருந்திருந்தால் இந்த வண்டிகளில் பாதி காப்பாற்றப்பட்டிருக்கும்.

உயரம் மாறியபின் மறக்கப்படுபவை இரண்டு. முகப்பு விளக்குகள் மூக்கோடு சேர்ந்து மேல்நோக்கி, எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். அவற்றைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். பல பழைய நாலு சக்கர வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட பிரேக் வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி அமரும்போது அது பின் பிரேக்கைக் கூட்டும். பின்பக்கத்தை உயர்த்திவிட்டால் அந்த வால்வு வண்டி காலியாக இருப்பதாகவே கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால், கம்பியின் நிலையையும் திருத்தும்படி கேளுங்கள். சட்டமும் உண்டு: தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவு விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. 15 ஆண்டுகளைக் கடந்து பதிவைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்குச் செல்ல வேண்டிய வயதில் இருக்கும் இந்த வண்டிகளுக்கு, தயாரிப்பாளர் உயரத்தில் நிற்பதே பாதுகாப்பு.

எஸ்எஃப்எக்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்க எண்ணுபவர்கள், என்ஜின் ஓசையைக் கேட்பதற்கு முன் அடியில் ஒரு முறை படுத்துப் பாருங்கள். இரண்டு ஆங்கர் போல்ட்டுகளிலும் வெளியே தெரியும் மரையின் நீளம் ஏறத்தாழ ஒத்திருந்தால், வண்டி முறையாகப் பேணப்பட்டிருக்க வாய்ப்புண்டு. ஒருபுறம் மிக நீளமாகவும் மறுபுறம் குட்டையாகவும் இருந்தால், தண்டு அதன் முனைப் பல்வரிசையான ஸ்ப்லைனில் ஒரு பல் தவறிச் செருகப்பட்டிருக்கலாம், அல்லது தண்டே சோர்ந்திருக்கலாம். நட்டு மரையின் கடைசி வரை ஏற்றப்பட்டிருந்தால், அப்பர் ஆர்மின் ரிபவுண்டு ரப்பரைப் பாருங்கள். அது நசுங்கிக் கிழிந்திருந்தால், சிவி பூட்டுகள், மேல் பால் ஜாயின்ட், அப்பர் ஆர்ம் புஷ் ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.